சிபில் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’: வீட்டுக் கடன் திரும்பி வந்த ஆசிரியைக்கு

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 34,000 ரூபாய். வீடு வாங்க 18 லட்சம் கடன் கேட்டேன். சிபில் 668 என்று சொல்லி வங்கியில் திருப்பிவிட்டார்கள். கடன் ஏற்பாடு செய்து தருகிறேன் என்ற ஒருவர் அடுத்த இரண்டு வாரத்துக்குள் இன்னும் நான்கு இடத்தில் விண்ணப்பம் போட்டார். அங்கும் இல்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கொரோனா நேரத்தில் கட்ட முடியாமல் 2021இல் பேசி முடித்த கிரெடிட் கார்டு ‘செட்டில்டு’ என்று இருக்கிறது. தம்பியின் பைக் கடனும் இருக்கிறது. நான் ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். நான் வாங்கவே வாங்காத 8,500 ரூபாய் ஆப் கடன் ஒன்றும் இருக்கிறது. இப்போது வைத்திருக்கும் கார்டுக்கு மாதாமாதம் முழுப் பணமும் கட்டுகிறேன். 6,000 ரூபாய் கொடுத்தால் 15 நாளில் 800 ஆக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். வீட்டுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கிறது. ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பான் நகல், ஆதார் நகல், ஓடிபி என்று எதையாவது அவரிடம் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பணம் போனதைவிட அதுதான் எனக்குக் கவலை. நம் கடன் விவரங்களைத் தொகுத்து ஸ்கோர் போடும் சிபில் நிறுவனமே நினைத்தாலும் உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ ‘ஆமாம், தவறுதான்’ என்று உறுதி செய்தால்தான் மாறும். அந்த 15 நாள் ஆள் செய்யப்போவது, இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒரு புகார் போடுவது. அதற்குக் கட்டணமே கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே உட்கார்ந்து போட்டுவிடலாம்.

அடுத்து, 668 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவன். மேஜைக்கு வரும் ரிப்போர்ட்டில் ஸ்கோரை ஒரு பார்வை பார்ப்போம், உண்மைதான். அப்புறம் கண் நேராகக் கணக்குகளின் பட்டியலுக்குப் போகும். அங்கே ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது), ‘ரைட் ஆஃப்’ (வசூலாகாது என்று வங்கி தள்ளி வைத்தது) என்ற இரண்டு வார்த்தைகளில் ஒன்று இருந்தால், ஸ்கோர் 740 இருந்தாலும் பேனா நின்றுவிடும். உங்கள் விண்ணப்பம் திரும்பியதற்கு வங்கி 668 என்று சொல்லியிருக்கலாம். என் அனுபவத்தில் அந்த ஒரு வார்த்தைதான் திருப்பியிருக்கும்.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்றில் யாரும் மார்க் போட்டுத் தருவதில்லை. ஒவ்வொரு பதிவாகப் படிக்கிறோம். இதையும் அப்படித்தான் படிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலை நான் அப்படிப் படித்தேன். நான்கு வரிகளில் சிக்கல் இருக்கிறது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘தவறு’ என்று ஒரே புகார் போட்டால் எதுவும் நகராது.

செட்டில்மென்ட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 46,300 ரூபாய் பாக்கிக்கு 20,000 கட்டி முடித்திருக்கிறீர்கள். ‘கணக்கு முடிந்தது, கடிதமும் கொடுத்தார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். இனி உங்களிடம் பணம் கேட்க மாட்டோம் என்றுதான் அதில் இருக்கும். முழுக்கடனும் அடைந்தது என்று இருக்காது. வங்கி 26,300 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கிறது. விட்டுக்கொடுத்ததைப் பதிவும் செய்திருக்கிறது. ஆக, இது பிழை இல்லை. புகார் போட்டால் வங்கி ‘பதிவு சரியே’ என்று பதில் அனுப்பும், ஒரு மாதம் வீணாகும்.

செய்ய வேண்டியது இது. கார்டு கொடுத்த வங்கிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: 2021இல் செட்டில் செய்த கணக்கின் மீதியை இப்போது கட்ட விரும்புகிறேன்; கட்டியபின் கணக்கை ‘க்ளோஸ்டு’ (முழுக்க அடைத்து முடிந்தது) என்று சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிப்பீர்களா; கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? இதற்கு எழுத்தில் பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். சில வங்கிகள் 26,300 போதும் என்பார்கள். சிலர் வட்டி சேர்த்துக் கேட்பார்கள். அங்கே பேசிப் பார்க்கலாம், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். ஆனால் ‘குறைத்துக் கட்டினாலும் க்ளோஸ்டு என்றே தெரிவிப்போம்’ என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் செட்டில்மென்ட்டாகவே பதிவாகும்.

வசூல் ஏஜென்ட் யாராவது போன் செய்து தன் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பணம் கார்டு கணக்குக்கே போக வேண்டும். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பழைய கடன்களை வங்கிகள் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு (வாராக் கடனை வாங்கி வசூலிப்பவர்கள்) விற்றுவிடுவது உண்டு. அப்படி விற்றிருந்தால் வங்கியிடம் பேசிப் பயனில்லை, வாங்கிய நிறுவனத்திடம்தான் பேச வேண்டும். உங்கள் நகலில் வங்கியின் பெயரே இருக்கிறது, அதனால் நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

‘ஏழு வருஷத்தில் தானாக அழிந்துவிடுமாமே?’ என்று பலரும் கேட்கிறார்கள். தகவலைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஏழாவது வருஷம் முடிந்த மறுநாள் அழித்துவிட வேண்டும் என்று இல்லை. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, அந்த 8,500 ரூபாய். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் துப்பறிய வேண்டும்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர் நான்கு விதமாக இருக்கிறது. ஓரிடத்தில் அப்பாவின் இன்ஷியல், ஓரிடத்தில் கணவரின் இன்ஷியல், ஓரிடத்தில் அப்பா பெயரை விரித்து முன்னால் போட்டிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் பின்னால். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. விண்ணப்பத்தில் ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் கவுண்டரில் இருப்பவர் தோன்றியதைப் போடுகிறார். இதனால் ஸ்கோர் குறையாது. ஆனால் ஒரே பெயர், ஒரே இன்ஷியல் கொண்ட வேறொருவரின் கடன் நம் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ள இதுதான் வழி. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தில் எத்தனை எஸ். லட்சுமி இருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்.

அதே பக்கத்தில் தொலைபேசி எண் மூன்று இருக்கிறது. அதில் ஒன்றின் கீழே நீங்களே பென்சிலால் கோடு போட்டு ‘இது யாருடையது?’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நூல் முனை. பான் எண் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது உங்களுடையது. இரண்டு பான் இருந்திருந்தால் வேறொருவரின் கணக்கு கலந்துவிட்டது என்று உடனே சொல்லியிருப்பேன். இப்போதைய நிலையில் இரண்டுக்கும் வாய்ப்பிருக்கிறது: ஒன்று, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போய் யாருடைய கடனோ ஒட்டியிருக்கலாம். அல்லது உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ வாங்கியிருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க, ஆப்பைத் தேடிப் போகாதீர்கள். ஆப் வெறும் முகப்பு. பின்னால் பணம் கொடுத்தது ஒரு நிதி நிறுவனம், ரிப்போர்ட்டில் இருப்பது அதன் பெயர்தான். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். மூன்றைக் கேளுங்கள்: கடன் விண்ணப்பத்தின் நகல், அடையாளச் சான்றாக வாங்கிய ஆவணம், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம். அதே நாளில் சிபில் தளத்தில் ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்ற வகையில் புகார் போடுங்கள். ரிப்போர்ட்டின் மேலே இருக்கும் கன்ட்ரோல் நம்பரைக் கேட்பார்கள். உங்கள் பான் தவறாகப் பயன்பட்டது என்று தெரிந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், சைபர் குற்றப் பிரிவிலும் புகார் பதிவு செய்யுங்கள்.

சிலர் ‘எட்டாயிரம்தானே, கட்டித் தொலைத்துவிடலாம்’ என்று சொல்வார்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. அதன்பிறகு அந்த வரியை எடுப்பது மிகக் கடினம்.

புகார் போட்ட நாளிலிருந்து 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள் அவகாசம், மீதி சிபில் போன்ற நிறுவனத்துக்கு. 30 நாளைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கோரிக்கையை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே புகார் எண்ணும் தேதியும் உள்ள திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்கள் மீதான புகார்களும் அங்கே எடுக்கப்படுகின்றன.

எனக்கே ஒரு முறை நடந்தது. ஓய்வு பெற்றபின் சும்மா என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பல வருஷத்துக்கு முன் அடைத்த கார் கடன் இன்னும் உயிரோடு இருந்தது, 312 ரூபாய் பாக்கி என்று. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ரிப்போர்ட்டைப் படித்தவன் என்னுடையதைப் படிக்கவில்லை. கடன் அடைந்தது என்று வங்கி கொடுத்த தடையில்லாச் சான்றை எங்கே வைத்தேன் என்று பரணில் தேடி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதை இணைத்து இரண்டு கடிதம் எழுதியபின் சரியானது.

மூன்றாவது தம்பியின் பைக். ‘கையெழுத்து மட்டும்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜாமீன் என்றால் தம்பி கட்டாத நாளில் நீங்கள் கட்டுவதாகச் சொன்னது. அதனால்தான் அது உங்கள் ரிப்போர்ட்டில் வருகிறது, ‘கேரண்டர்’ என்ற அடையாளத்தோடு. மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன பாருங்கள், அதில் 000 என்றிருந்தால் தவணை நேரத்துக்கு வந்தது. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றிருந்தால் அந்த மாதம் நிறுவனம் தகவலே கொடுக்கவில்லை, பயப்பட வேண்டாம். உங்கள் தம்பியின் வரிசை 000, 000, 028, 000, 026, 033 என்று போகிறது. அந்த எண்கள் தவணை எத்தனை நாள் தாமதம் என்பது. இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, தம்பி ஏமாற்றுகிறவர் இல்லை. சம்பளம் வரும் தேதியும் தவணைத் தேதியும் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் முன்னால் பிடிக்கப் போய் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியிருக்கும், அடுத்த சம்பளத்தில்தான் கட்டியிருப்பார். நிதி நிறுவனத்திடம் தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டும். முடியாது என்றால் ஒரு தவணைத் தொகை எப்போதும் அந்தக் கணக்கில் கிடக்கட்டும். ஜாமீனிலிருந்து விலக, வேறொருவர் ஜாமீன் நிற்க வேண்டும், நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். அது அவ்வளவு சுலபமில்லை. கடனில் எத்தனை தவணை பாக்கி என்று கேளுங்கள். ஆறு ஏழுதான் என்றால், குடும்பத்துக்குள் பேசி மொத்தமாக அடைத்துவிடுவதே நல்லது. தம்பியிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

நான்காவது உங்களுக்கே தெரியாதது. ‘மாதாமாதம் முழுப் பணமும் கட்டுகிறேன்’ என்கிறீர்கள், அது மிக நல்ல பழக்கம். ஆனால் கார்டு வரம்பு 60,000. ரிப்போர்ட்டில் நிலுவை 52,000 என்று இருக்கிறது. ஏன்? பில் போடும் தேதியில் என்ன நிலுவை இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் தகவலாகப் போகிறது. நீங்கள் கட்டுவது அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து. பார்க்கிறவருக்கு, வரம்பை விளிம்புவரை உபயோகிக்கும் ஆள் என்று தோன்றும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது கடன்துறையில் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அது 18,000. பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாவற்றையும் கார்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. பில் தேதிக்கு மூன்று நாள் முன்னால் உட்கார்ந்து பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். நான்கில் மிகச் சீக்கிரம் பலன் தெரிவது இதுதான், செலவும் இல்லை.

அந்த ஐந்து விண்ணப்பங்களைப் பற்றி. ஒவ்வொரு வங்கியும் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்தது விசாரணைப் பகுதியில் தேதியோடு பதிவாகியிருக்கிறது. பதினைந்து நாளில் ஐந்து பேர் கேட்டார்கள், ஒருவரும் கொடுக்கவில்லை என்று ஆறாவது வங்கிக்கு அப்பட்டமாகத் தெரியும். அந்த ஏற்பாட்டாளரிடம் இனி எங்கும் போட வேண்டாம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லிவிடுங்கள். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டை எத்தனை முறை எடுத்தாலும் ஸ்கோர் குறையாது; அந்தப் பயம் வேண்டாம்.

நீங்கள் எடுத்திருப்பது சிபில் மட்டும்தான். இந்தியாவில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். நம் ஊரில் நான்கையுமே ‘சிபில்’ என்றுதான் சொல்கிறோம், ஜெராக்ஸ் மாதிரி. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்த விதி இருக்கிறது. அவரவர் இணையதளத்துக்கே போய் எடுங்கள். மாதச் சந்தா கட்டச் சொல்லித்தான் முதலில் திரை வரும். இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பு எங்கேயாவது கீழே சின்னதாக இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். மற்ற மூன்றையும் இந்த வாரமே எடுத்து, அந்த 8,500 அவற்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கங்கே தனித்தனியாகப் புகார் போட வேண்டும். மகளிர் குழு வழியாக நுண்கடன் ஏதாவது வாங்கியிருந்தால் க்ரிஃப் ஹைமார்க்கைத் தவறாமல் பாருங்கள். வங்கியில் வைத்த நகைக்கடனும் ரிப்போர்ட்டில் வரும். ‘நகைதான் அவர்களிடம் இருக்கிறதே’ என்று வட்டி கட்டாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தெருமுனை அடகுக்கடையில் வைத்தது வராது.

இனி உங்கள் மூன்று மாதக் கணக்கு. புகாருக்கு 30 நாள். கார்டு வங்கி பதில் எழுத, நீங்கள் கட்ட, தடையில்லாச் சான்று வர ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை நிறுவனங்கள் தகவல் அனுப்பியாக வேண்டும், முன்போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு மாதத்தில் ரிப்போர்ட் மாறியிருக்கும். ஸ்கோர் எத்தனை ஏறும் என்று மட்டும் கேட்காதீர்கள். கணக்குப் போடும் சூத்திரத்தை அந்த நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. ‘கண்டிப்பாக 760’ என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம். பழைய தாமதங்களும் கட்டங்களில் கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்யும்.

மாறியபின் ஒரே ஒரு வங்கிக்குப் போங்கள், உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கு. தடையில்லாச் சான்று, புகார் முடிவு, 2020–21இல் பள்ளியில் சம்பளம் குறைத்ததற்கான வங்கி ஸ்டேட்மென்ட், இவற்றோடு ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதிக் கொடுங்கள். கதை வேண்டாம், தேதியும் தொகையும் போதும். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன்: சம்பளம் குறைந்தபோது தவறி, பிறகு முழுக்க அடைத்தவர் என்று காகிதம் காட்டினால், படித்துப் பார்க்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். கணவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்க நினைத்தால், முதலில் அவர் ரிப்போர்ட்டையும் இதே மாதிரி உட்கார்ந்து படியுங்கள்.

அட்வான்ஸ் விஷயம்: மூன்றாவது மாதக் கடைசிவரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே வீட்டை விற்பவரைப் போய்ப் பாருங்கள். வங்கியில் தாமதமாகிறது, இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று இப்போதே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். கெடு முடிந்தபின் கேட்டால் ஒரு லட்சம் அவர் கையில் இருக்கும், பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஒப்புக்கொண்டால் வாய்வார்த்தையோடு விடாமல் கால நீட்டிப்பை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டது என்றால் நீட்டிப்பையும் எப்படிப் பதிய வேண்டும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி அதில் சேர்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.